புளிச்சோற்றுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர்

அன்புள்ள மகனுக்கு,

நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் கர்த்தரில் ஆரம்பித்து, எல்லார் சுகத்தையும் விசாரித்து, ஒரு வசனத்தை எழுதி, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வரும். அப்படி எழுதினால் நீ நேரே கடைசிப் பாராவுக்குத் தாவிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பாயில் பத்து நாள் வேலை, டூர் முடிந்ததும் வந்துவிடுவேன் என்று எங்களிடம் சொன்னாய். நீ பத்து நாளில் வரப்போவதில்லை. வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு எங்கேயோ வெளிநாடு போகிறாய். மஸ்கட்டா, தோஹாவா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்கு எதுவுமே தெரியாது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ திகைக்க வேண்டாம். நான் உன் பெட்டியைக் குடையவில்லை, பாஸ்போர்ட்டைத் தேடவில்லை, தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் நீயேதான் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "அம்மா, டூல்ஸ் எல்லாம் ஹேண்ட் பேக்ல நீயே சர்தி, அடுக்கி வச்சிடு. உனக்குத்தான் அந்த ஐடியா எல்லாம் தெரியும்" என்றாய். சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ள பஜாருக்குப் போய்விட்டாய். நான் பையைக் கவிழ்த்தேன். ஸ்க்ரூ டிரைவர்கள், நோஸ் பிளையர், வயர் கட்டர், வெர்னியர், சின்ன சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். எல்லாம் புதுசு, எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. ஒன்றிலும் தொழிற்சாலை நம்பர் இல்லை. மகனே, நீ வேலை பார்த்த அதே தொழிற்சாலையில்தான் உன் அம்மா தலை நரைத்தாள். அங்கே டூர் போகிறவன் டூல் ஸ்டோருக்குப் போய், தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டு, செக்‌ஷன் எழுத்தும் நம்பரும் குத்திய சாமானை எடுத்துக்கொண்டு போவான். தன் கைக்காசில் புது வெர்னியர் வாங்கிக்கொண்டு யாரும் டூர் போனதில்லை. சொந்த டூல்ஸ் கேட்பது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிகள்தான். நம் தெருவிலேயே எத்தனை பேர் இப்படிப் போயிருக்கிறார்கள். ஒருவேளை எனக்குத் தெரியட்டும் என்றுதான் பையை என் கையில் கொடுத்தாயோ என்றும் ஒரு நினைப்பு ஓடுகிறது. அப்படியானால் நல்லது. எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை வாயால் சொல்லலாமே என்று கேட்பாய். சொல்லலாம். நான் தமிழில் ஆரம்பிப்பேன், நீ தெலுங்கில் பதில் சொல்வாய், நான் கோபத்தில் இந்திக்குப் போவேன், நீ இங்கிலீஷுக்குப் போய்விடுவாய். அங்கே உன்னைப் பிடிக்க என்னால் முடியாது. எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. ஞாயிறு பள்ளியில் நீ அழ அழ, பைபிளில் விரலை வைத்து எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தேனே, அதற்கு இன்றைக்குக் கூலி வாங்கிக்கொள்கிறேன். நீ வந்ததும் இந்தக் காகிதத்தை உன் கையில் தருவேன். பின்கட்டில் போய் உட்கார்ந்து வாசி.

முதலில் பை. நீ கேட்டது அதைத்தான், அதில் நான் சொல்வதை நீ தட்டமாட்டாய். கூர்மையான எதையும் கைப்பையில் வைக்காதே. நோஸ் பிளையர், கட்டர், பெரிய ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டேன். முனைகளில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் செருகியிருக்கிறேன், உன் சட்டைகளைக் குத்தாது. ஃபீலர் கேஜும் பெட்டிக்குள்தான் போகிறது. இடைவெளி அளக்கிற மெல்லிய இரும்புத் தகடுகள்தானே என்று நாம் நினைப்போம். பேகம்பேட் ஏர்போர்ட்டில் நிற்கிற போலீஸ்காரர் அதை விரித்துப் பார்த்தால், ஒரு பிடியில் இத்தனை கத்தியா என்றுதான் கேட்பார். குட்டி ஸ்க்ரூ, நட்டு, ஃப்யூஸ் எல்லாம் ஃபிலிம் ரோல் டப்பாக்களில் இருக்கின்றன. மூடி இறுக்கமாக இருக்கும், குலுங்காது, திறந்து காட்டுவதும் சுலபம். வெர்னியரும் மல்டிமீட்டரும் மட்டும் உன் கையோடு வரட்டும். பெட்டிகளை அவர்கள் எறிகிற எறியில் அளவுக் கருவி பிழைக்காது. பழுதான அளவுகோலோடு போய் இறங்குவதைவிட வெறுங்கையோடு போய் இறங்கலாம்.

மல்டிமீட்டரில் இருந்த பேட்டரிகளைக் கழற்றிவிட்டேன். கைப்பையில் பேட்டரி இருந்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்கள். வடக்கே டிரான்சிஸ்டர் பெட்டியில் குண்டு வைக்க ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் நிலைமை. அதனால் பேட்டரிகள் தனியாக, பெரிய பெட்டியில், சாக்ஸுக்குள் இருக்கின்றன. ஒருமுறை என்னிடம் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்கள், நான் போய் இறங்கிய அனல்மின் நிலையத்து ஊரிலேயே அந்த அளவு பேட்டரி இல்லை. கேன்டீன்காரருடைய ரேடியோவிலிருந்து கழற்றி, வேலை முடிந்ததும் திருப்பி மாட்டிக் கொடுத்தேன். அதுவரைக்கும் அவர் சமைக்காமல் என் பின்னாலேயே நின்றார். இன்னொன்று. பம்பாயில் சுங்கக்காரரிடம் வெர்னியரையும் மல்டிமீட்டரையும் காட்டி, அதில் கம்பெனிக்காரன் அடித்திருக்கிற சீரியல் நம்பரோடு எழுதி முத்திரை வாங்கிக்கொள். திரும்பி வரும்போது இது இங்கிருந்து போன சாமான்தான் என்று காட்ட வேண்டியிருக்கும். நீ திரும்பி வருவாய் என்று வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இப்போது டிபன் கேரியர் கதை. இதில் பாதி உனக்குத் தெரியும். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிற பாதி அது. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மின்சாரப் பலகைகளைச் சோதிக்கிற பேனல் டெஸ்டிங் செக்‌ஷனிலிருந்து முதல்முதலாக வெளியூருக்கு அனுப்பிய பெண் நான்தான். அனுப்பினார்கள் என்று சொல்வதைவிட, அனுப்ப வைத்தேன் என்பதுதான் சரி. "லேடியை எப்படிம்மா சைட்டுக்கு அனுப்புறது, அங்க தங்க இடம் இல்ல, பேச ஆள் இல்ல" என்றார் மேலதிகாரி. "பேனலுக்கு வயரிங் பண்ணது நான் சார். அது பேசுனா போதும்" என்றேன். போனேன், ஓட்டிக் காட்டினேன், அதற்குப் பிறகு வருஷா வருஷம் போனேன். பெரும்பாலும் ரயில். எங்கேயாவது ஆலை நின்றுபோனது என்று தந்தி வந்தால் மட்டும் விமானம். ரயிலில் டூல் பாக்ஸ் கொண்டுபோவது பெரிய ரோதனை. கீழே வைத்தால் திருட்டு, மேலே வைத்தால் யாராவது தலையில் விழும், கையில் வைத்துக்கொண்டால் ரயில்பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் மின்விசிறி ரிப்பேர் பண்ணச் சொல்வார்கள். அப்போது நான் கண்டுபிடித்ததுதான் டிபன் கேரியர். நாலு அடுக்கு, எவர்சில்வர், பக்கத்தில் கொக்கி. கீழ் அடுக்கில் கனமானது, அதற்கு மேல் ஸ்க்ரூ டிரைவர், அதற்கு மேல் மீட்டரும் வயரும், உச்சியில் சோறு. குலுங்காது, நனையாது, எந்தத் திருடனும் ஒரு பொம்பளையின் சோற்றுப் பாத்திரத்தைத் திருடமாட்டான். அதைவிட நல்ல டூல் பாக்ஸை இன்றைக்கு வரைக்கும் நான் பார்த்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

ஆனால் உன் அப்பாவிடம் சொல்லவில்லை. ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், ஆயுத பூஜை கும்பிடாத வேதக்காரர், ஆனாலும் தன் டூல் பெட்டிக்கு மேல் காபி டம்ளர் வைத்தால்கூடக் கையை ஓங்குவார். சோற்றுப் பாத்திரத்தில் இரும்பு என்று கேள்விப்பட்டால் வீடு இரண்டாகிவிடும். ஒரு சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். எப்போதும் தொழிற்சாலையிலேயே அடுக்கி, தொழிற்சாலை ஜீப்பிலேயே போய்விடுவதால் அவர் பார்க்கவும் வாய்ப்பில்லை. மறைக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான். இந்த வார்த்தையை நீயும் இப்போது உனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அந்த முறை டெல்லி விமானம், அங்கிருந்து ரயில். ஜீப் வரவில்லை. அப்பா லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுவிடுகிறேன் என்றார். அதோடு நிற்கவில்லை, விடியற்காலையில் எழுந்து அவரே புளிச்சோறு கிளறி, வேர்க்கடலை வறுத்துப் போட்டு, மேல் அடுக்கில் நிரப்பிக் கொடுத்தார். கீழ் அடுக்குகளை நான் அதற்கு முந்தின நாளே அடுக்கி மூடி வைத்திருந்தேன். "என்னட்டி இவ்வளவு கனக்கு?" என்றார். "ஊறுகா, பருப்புப் பொடி எல்லாம் இருக்கு" என்றேன். போலாரத்து நம் வீட்டிலிருந்து பேகம்பேட் வரைக்கும் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன்.

அதற்குச் சில மாதம் முன்புதான் விமானத்தைக் கடத்துகிற செய்தியெல்லாம் வந்து கெடுபிடி ஆரம்பித்திருந்தது. பெண்களைச் சோதிக்கத் தனியாக ஒரு போலீஸ் அம்மாள். வயது என் வயதுதான் இருக்கும். கேரியரைத் தூக்கிப் பார்த்தார், முகம் மாறியது. "க்யா ஹை இஸ்மே?" என்றார். ரயிலில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய், "கானா" என்று சொல்லிவிட்டது. சாப்பாடு இந்தக் கனம் கனக்காது என்று அவருக்குத் தெரியாதா, மூடியைத் திற என்றார். அப்பா வழியனுப்ப வந்தவர்களோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். பார்த்தார். உன் அப்பா சும்மா இருப்பாரா. "ஓ அம்மா! சோறுதான் அது. புளிச்சோறு. மைனே பனாயா! என் கையால வச்சேன். கைக்கு சந்தேகம், எதுக்கு சந்தேகம்?" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு சத்தம் போட்டார். பக்கத்தில் நின்றவர்கள்கூட, பாவம் சோற்றைப் போய்ச் சோதிக்கிறார்களே என்று சிரித்தார்கள். போலீஸ் அம்மாள் மேல் அடுக்கைத் திறந்தார். புளிச்சோறு. அப்பா எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார், பார்த்தீர்களா என்கிற மாதிரி. அந்தப் பார்வை முடிவதற்குள் போலீஸ் அம்மாள் அடுத்த அடுக்கைத் தூக்கினார். சிவப்பும் கறுப்புமாக வயர், பேட்டரி, டயல் போட்ட மீட்டர்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. விசில் ஊதினார்கள், வரிசையை நகர்த்தினார்கள், சப்-இன்ஸ்பெக்டர் ஓடிவந்தார். இது என்ன என்று டயல் போட்ட அந்த மீட்டரைக் காட்டிக் கேட்டார். பதற்றத்தில் நான், "கடியாரம் மாதிரி சார்" என்றேன். வயரும் பேட்டரியும் கண்முன்னால் கிடக்க, கடியாரம் என்று தன் வாயாலேயே சொன்னவள் உன் அம்மா ஒருத்திதான். அப்பா அந்தப் பக்கத்திலிருந்து, "அவ மெஷின் பாக்கப் போறா சார், பாம் வைக்கவா போறா?" என்று கத்த, அந்த ஒரு வார்த்தைக்கு அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தொழிற்சாலைக்குப் போன் போட்டு, அடையாள அட்டையைப் பார்த்து, ஒவ்வொரு சாமானையும் நான் விளக்கிச் சொல்லி, கடைசியில் பேட்டரிகளைப் பிடுங்கிக்கொண்டு, டூல்ஸை ஒரு பையில் கட்டி விமான ஊழியரிடம் கொடுத்தார்கள். டெல்லியில் இறங்கின பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். போலீஸ் அம்மாள் போகும்போது என்னைப் பார்த்து, "ஊபர் ரக்கோ நா அம்மா. சோறு கே நீச்சே கைக்கு?" என்று சலித்துக்கொண்டார். மேலே வைத்திருந்தால் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பேன், சோற்றுக்கு அடியில் எதற்கு வைத்தாய் என்று. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. என் டூல்ஸில் ஒன்றுகூடத் தப்பான சாமான் கிடையாது. வைத்த இடம்தான் அதைக் குண்டாக்கியது.

மீதிப் பாதி இதுதான். எல்லாம் முடிந்து நான் உள்ளே போகத் திரும்பியபோது அப்பா கேரியரை வாங்கிக்கொண்டார். காலி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொக்கியை மாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அத்தன பேரு முன்னால, என் கையால வச்சேன்னு சொன்னேனே ட்டி" என்றார். அவ்வளவுதான். கயிற்றைத் தாண்டி வெளியே போனார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். சோற்றுப் பாத்திரத்தில் இரும்பு வைத்ததெல்லாம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. போலீஸ் பிடித்ததும் பெரிதில்லை. தெரியாமல் எனக்காக அவர் சத்தியம் பண்ண வேண்டியதாகிவிட்டது, அதுதான் அவரைக் குத்தியது. நான் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்காமல் அழுதுகொண்டே போனேன்.

வேலையை முடித்துத் திரும்பி வந்தபோது அவர் கோபமெல்லாம் இல்லை. பஜார் தையல்காரரிடம் கெட்டியான கான்வாஸில் ஒரு சுருட்டுப் பை தைத்து வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பாக்கெட். நாடாவை அவிழ்த்து ஒரே இழுப்பு இழுத்தால் எல்லாமே கண்முன்னால் விரிந்துவிடும். அதற்கப்புறம் நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் எத்தனையோ முறை பேகம்பேட்டில் ஏறினேன். வரிசையில் என் முறை வருவதற்கு முன்பே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன், நான் இன்னார், இது இன்னது, இதற்காகப் போகிறேன் என்று. ஒரு தடவைகூட யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டதில்லை. உன் வெர்னியரையும் மீட்டரையும் இன்றைக்கு அதில்தான் சுற்றிப் பையின் மேலாக வைத்திருக்கிறேன். நீயும் அப்படியே செய்.

மகனே, நீ போவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. இதை நீ நம்ப வேண்டும். கைத்தொழில் தெரிந்தவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சர்க்கார் வேலையை விட்டுவிட்டானே என்று மார்பில் அடித்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. பொம்பளை சைட்டுக்குப் போகக் கூடாது என்று சொன்ன காலத்தில் போனவள் நான், உன்னைப் போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்? வருத்தம் இருக்கிறது. நீ என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேதான் உன் டூல்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். அது என் வருத்தம், நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இப்போது மாடியில் நின்றுகொண்டு தண்ணீர் ஊற்றுகிறாரே, அவருக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?

உனக்குத் தெரியும், உன் மாடி அறைக்குத் தளமாகக் கூரை கான்கிரீட் போட்டு இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. சித்தாளை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு, "நக்கோ, வேணாம், எம் மவன் ரூமுக்கு நானே ஊத்துவேன்" என்றுவிட்டார். மண்ணால் பாத்தி கட்டி, காலையும் சாயங்காலமும் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றுகிறார். இந்த வரியை எழுதும்போதுகூட அவர் செருப்புச் சத்தம் என் தலைக்கு மேலே கேட்கிறது. கல்யாணம் பண்ணி நீ குடியிருக்கப் போகிற அறை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று போன வாரம் உன்னிடம் கேட்டார். கிழக்கே வைங்கப்பா என்று நீ சொன்னாய். அதைச் சொன்னபோதே உன் கையில் டிக்கெட் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது அந்த ஜன்னலை நினைத்துத்தான்.

நீ மனதில் போட்டிருக்கிற கணக்கு எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நல்ல கடிதம் எழுதலாம், முதல் சம்பளத்தில் எதையாவது வாங்கி அனுப்பலாம், அப்போது அப்பா கோபப்பட்டாலும் தூரத்தில் இருப்போம், ஆறிவிடும் என்று. அந்தக் கடிதம் வந்து சேருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். நம் கோவிலில் உன் செக்‌ஷன் ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒருத்தர் வந்து, "என்ன அண்ணாச்சி, மவன் ரிசைன் பண்ணிட்டானாமே?" என்பார். உன் அப்பா என்ன சொல்வார்? "எவன் சொன்னான்? அவன் பம்பாய்க்கு டூர் போயிருக்கான். நானே ஸ்கூட்டர்ல கொண்டு விட்டேன்" என்பார். நெஞ்சைத் தட்டிக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார். சொன்ன பிறகு அவருக்குத் தெரியவரும். ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்தவள் நான். என்னால் அவருக்கு அது நேர்ந்தது, உன்னாலும் நேர நான் விடமாட்டேன்.

நானே அவரிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மாடிப்படி ஏறினால் போதும். சொல்லமாட்டேன். என் வாயால் கேட்டால் அது செய்தி, உன் வாயால் கேட்டால்தான் நீ அவரிடம் சொன்னதாகும். நீ சொல்லாமல் போனால், கோவில் வாசலுக்கு முன்னால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த வேலையை எனக்கு வைக்காதே.

அப்பாவிடம் உட்கார்ந்து பேசுவது உனக்கு வராது. அவருக்கும் வராது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் ரேடியோவைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவீர்கள். அதனால் அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் பெரிய பெட்டியை பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோவில் கொண்டுவரட்டும். நான் ஏற்பாடு செய்துவிட்டேன். நீ கைப்பையோடு அப்பா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார். போலாரத்திலிருந்து பேகம்பேட் வரைக்கும் நல்ல தூரம், அவர் ஓட்டுகிற வேகத்துக்கு இன்னும் நல்ல தூரம். அவர் முகத்தை நீ பார்க்க வேண்டாம், உன் முகத்தை அவர் பார்க்க முடியாது. மிலிட்டரி ஏரியா தாண்டினதும் ரோடு காலியாக இருக்கும், அங்கே ஆரம்பி. பட்டறைச் சத்தத்தில் அவருக்கு வலது காது மந்தம், இடது பக்கம் குனிந்து சொல். சுற்றி வளைக்காதே. அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் சொல்லிவிடு. இல்லாவிட்டால் இரண்டு பேருமாகச் சேர்ந்து மறைத்தோம் என்று ஆகிவிடும். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை வருஷம், இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு, ஏன் மறைத்தாய் என்பதைக் கடைசியில் சொல். அவர் திட்டுக்குப் பயந்துதான் என்றால் அதையே சொல். அதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வரும்.

அவர் வண்டியை நிறுத்துவார். நிச்சயம் நிறுத்துவார். ஸ்டாண்டு போட்டு இறங்கி, "ஏல, கூறுகெட்ட பயலே" என்று ஆரம்பித்து, உன்னையும் என்னையும் என் அப்பா வீட்டு ஆட்களையும் சேர்த்து ரோட்டில் வைத்துத் திட்டுவார். ரோட்டில் போகிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒன்றும் பதில் சொல்லாமல் நில். நேரம் இருக்கிறது, அதையும் கணக்குப் பண்ணித்தான் சீக்கிரம் கிளம்பச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் திட்டி முடித்த பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார், "அப்பம் அந்த மாடி யாருக்குல கட்டுதேன்?" என்று. அந்த ஒன்றுக்கு மட்டும் நீ பதில் சொல்லியாக வேண்டும். எனக்குத்தான் கட்டுகிறீர்கள், வந்து இருப்பேன் என்று சொல்ல முடிந்தால் சொல். உனக்கே நிச்சயமில்லை என்றால், அவரைத் தேற்றுவதற்காக அப்படிச் சொல்லிவைக்காதே. தெரியவில்லை அப்பா என்றே சொல். அவர் இடிந்துபோய்விடுவார் என்று பயப்படாதே. உன்னை இறக்கிவிட்டு அவர் திரும்பி வரும்போது வீட்டில் நான் இருக்கிறேன்.

உன்
அம்மா